சொறிசிரங்கு: காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

சொறிசிரங்கு என்பது ஒரு சிற்றுண்ணி மனிதத் தோலின் மேலடுக்கில் வளை தோண்டி வாழ்வதால் உண்டாகும் தொற்றுநோய் ஆகும். பெரியவர்களுக்கு அரிப்புடன் தோன்றும் தடிப்புகளுக்குப் பல காரணங்கள் உள்ளன. கரப்பான், காணாக்கடி, படர்தாமரை, சிமெண்ட், தலைச்சாயம், கவரிங் நகை போன்றவற்றால் வரும் ஒவ்வாமை ஆகியவை அன்றாடம் காணப்படுபவை. அந்த வரிசையில் சொறிசிரங்குக்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணிய உயிரே காரணம் என்று உருப்பெருக்கியால் கண்டு, படம் வரைந்து, அச்சிட்டு வெளியிடப்பட்ட முதல் நோய் இதுவே என்று பல மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அந்த ஆண்டு 1687. பாஸ்டரும் கோக்கும் கிருமிக் கொள்கையை நிலைநாட்டுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தியது அது. ஆயினும் கண்டறிந்ததை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள மேலும் 147 ஆண்டுகள் ஆயின.

பெயரும் பழைய கருத்துகளும்

இந்நோயின் இலத்தீன் பெயர் ஸ்கேபிஸ். அது 'சொறிதல்' என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலும் 'சொறி' என்பது வினையாகவும் நோயின் பெயராகவும் வழங்குகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் பெயரிட்டிருப்பதிலிருந்து, நோயாளி எதைக் கண்டு நொந்தார் என்பது தெளிவாகும்.

சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள் 'குஷ்டம்' என்னும் பெருந்தலைப்பின்கீழ்ப் பல தோல் நோய்களைத் தொகுத்து, அவற்றுள் 'பாமா' என்ற அரிப்பு நோயையும் குறிப்பிடுகின்றன. (அங்கே குஷ்டம் என்பது இன்று நாம் தொழுநோய் என்று வழங்கும் ஒரு நோயை மட்டும் குறிப்பதன்று.) கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ், கந்தகத்தைக் கீலுடன் கலந்து பூசச் சொன்னார். கந்தகத்தின் பயன் சித்த மருத்துவர்களுக்கும் நன்கு தெரிந்ததே. அதாவது, காரணம் தெரிவதற்கு வெகு காலம் முன்பே ஓரளவு பலன் தரும் மருந்து மனிதர் கையில் இருந்தது.

காரணம் பற்றிய கருத்துதான் தடையாக நின்றது. கிரேக்க மருத்துவர் காலன் வகுத்த முறைப்படி, உடலிலுள்ள நான்கு நீர்மங்கள் நிலைகுலைவதே நோய். சொறிசிரங்கும் கெட்டுப்போன நீர்மம் தோல்வழியாக வெளியேறுவதாகவே எண்ணப்பட்டது. இக்கருத்திலிருந்து ஒரு தீங்கான முடிவும் பிறந்தது. மேலே மருந்து பூசிச் சிரங்கை ஆற்றிவிட்டால் கெட்ட நீர் உள்ளே திரும்பி வேறு பெரிய நோயாகும் என்று அஞ்சினர். எனவே பேதி மருந்து கொடுத்தனர், இரத்தம் வடித்தனர், பல்லாண்டுகள் நோயாளியைச் சொறியவும் விட்டனர். சிரங்கை உடனே ஆற்றக் கூடாது என்ற பேச்சு நம் ஊர்களிலும் கேட்டதுண்டு.

இடையில் சிலர் உண்மையைத் தொட்டிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் அத்-தபரி என்னும் மருத்துவரும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னு சுஹ்ரும் தோலுக்குள் இருக்கும் மிகச் சிறிய உயிரைப் பற்றி எழுதினர். ஆனால் அதுவே நோயின் காரணம் என்ற முடிவை மருத்துவ மரபு எடுத்துக்கொள்ளவில்லை.

லிவோர்னோ துறைமுகத்தில் ஓர் ஊசி முனை

இத்தாலியின் லிவோர்னோ துறைமுக நகரில் ஜியோவான்னி கோசிமோ பொனோமோ என்ற இளம் மருத்துவரும், தியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்துக் கடைக்காரரும் நண்பர்கள். ஏழைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து குண்டூசி முனையால் எதையோ எடுப்பதை அவர்கள் கவனித்தனர். லிவோர்னோவில் அடைபட்டிருந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் இதையே செய்துகொண்டனர். எடுத்ததை நகத்தின்மேல் வைத்து நசுக்கினால் மெல்லிய ஓசையும் கேட்குமாம். இத்தாலிய மொழியின் பேரகராதியிலேயே, சிரங்குள்ளவர் தோலில் பிறந்து அரிப்பைத் தரும் மிகச் சிறிய பூச்சி என்ற விளக்கத்துடன் அதற்கு ஒரு சொல் இருந்தது. அகராதி தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது; மருத்துவப் பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை.

பொனோமோ ஒரு நோயாளியை அழைத்து, எங்கே மிகுதியாக அரிக்கிறது என்று கேட்டு, அவ்விடத்திலிருந்து எடுத்த வெண்ணிறத் துளியை உருப்பெருக்கியின்கீழ் வைத்தார். ஆமையைப் போன்ற உருவமுடைய ஓர் உயிர் அங்கே நடமாடிக்கொண்டிருந்தது. ஒருமுறைக்குப் பலமுறை, வெவ்வேறு வயதினரிடம், வெவ்வேறு காலங்களில் பார்த்தும் அதே உயிர். ஒரு நாள் அது முட்டையிடுவதையும் கண்டனர். ஆண் பெண் கூடி முட்டையிட்டுப் பெருகும் உயிர் இது என்பதற்கு அந்த முட்டை பெரும் சான்றாயிற்று.

இச்செய்தி பிரான்செஸ்கோ ரெடிக்கு எழுதிய கடிதமாக 1687இல் புளோரன்சில் அச்சானது. ரெடியைப் பள்ளி மாணவர்கள் அறிவார்கள். மூடிய ஜாடியிலுள்ள இறைச்சியில் புழு தோன்றாது என்று 1668இல் காட்டி, உயிர் தானாகவே தோன்றும் என்ற கொள்கையை ஆட்டங்காணச் செய்தவர் அவரே. அவருக்குப் பொனோமோவின் கடிதம் உகந்ததாக இருந்ததில் வியப்பில்லை.

கடிதத்தின் பெருமை பூச்சியைக் கண்டதோடு நிற்கவில்லை. நோய் ஏன் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது என்றால், பூச்சி உடலிலிருந்து உடலுக்கு மாறுகிறது. பேதி மருந்து ஏன் பலிப்பதில்லை என்றால், அது தோலிலுள்ள பூச்சியை எட்டுவதில்லை. பூச்சு மருந்தால் குணமானவருக்குச் சில நாளில் ஏன் திரும்பி வருகிறது என்றால், பூச்சி செத்தாலும் முட்டைகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே குணமான பிறகும் சில நாள் பூச வேண்டும். இன்று மருத்துவர் 'ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூசுங்கள்' என்று சொல்வதற்கு அடிப்படை அன்றே அங்கே எழுதப்பட்டுவிட்டது.

ரோமில் போப்பாண்டவரின் மருத்துவராக இருந்த லான்சிசி இதை ஏற்கவில்லை. பூச்சி இருக்கலாம், ஆனால் காரணம் உடலின் நீர்மமே என்பது அவர் பக்கம். அக்காலத்தில் அப்படிப்பட்டவரோடு வாதாடும் நிலையில் பொனோமோ இல்லை, அவர் ஒதுங்கிக்கொண்டார். 1696இல் இளவயதிலேயே இறந்தும் போனார். ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கில மருத்துவர் கடிதத்தின் சுருக்கத்தை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1703இல் வெளியிட்டார். படித்தவர்கள் படித்தனர், மருத்துவமனைகளில் எதுவும் மாறவில்லை.

பாலாடைக்கட்டிப் பூச்சி

பதினெட்டாம் நூற்றாண்டில் உயிர்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸே சிரங்குப் பூச்சியையும், மாவிலும் பாலாடைக்கட்டியிலும் வாழும் பூச்சியையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார். பின்னர் சுவீடன் நாட்டு தெ ஏர் இரண்டும் வேறு என்று தெளிவாக்கினார். ஆனால் அந்தக் குழப்பம் பாரிசில் ஒரு மோசடிக்கு இடம் கொடுத்தது.

பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனை தோல் நோய்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே மருந்தாளராக இருந்த கலேஸ் என்பவர் 1812இல் பல நூறு சிரங்குப் பூச்சிகளைத் தாம் கண்டதாக ஆய்வேடு அளித்தார். படமும் இணைத்திருந்தார். புகழ் வந்தது. கந்தகப் புகையூட்டும் பெட்டிகளை அமைத்து மருத்துவமும் செய்தார். ஆனால் வேறு யார் தேடியும் அந்தப் பூச்சி கிடைக்கவில்லை. நாளடைவில் 'பூச்சி என்பதே பொய்' என்ற எண்ணம் மருத்துவரிடையே வலுத்தது. லுகோல் என்ற மருத்துவர், பூச்சியைக் காட்டுவோருக்கு 300 பிராங்க் தருவதாகவே அறிவித்தார். 1829இல் ராஸ்பாய் என்ற வேதியியலாளர், கலேசின் படத்திலிருப்பது பாலாடைக்கட்டிப் பூச்சியே என்று எடுத்துக்காட்டினார்.

ஒரு பொய்யான சான்று உண்மையை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளும் என்பதற்கு இது நல்ல உதாரணம். கலேசை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். நம்பாதவர்களோ உண்மையான பூச்சியையும் சேர்த்து மறுத்தார்கள். நேர்மையாகத் தேடியவர்களுக்கும் அது கிடைக்காததற்குக் காரணம் உண்டு. நீர் கோத்த கொப்புளத்திற்குள்ளும் சீழ்க் கட்டிக்குள்ளும் அவர்கள் தேடினர். பூச்சி அங்கே இருப்பதில்லை. கொப்புளத்திலிருந்து சற்றுத் தள்ளி, சாம்பல் நிறக் கீற்றுப்போல் ஓடும் வளையின் மூடிய முனையில் அது இருக்கும்.

இதை அறிந்திருந்தவர்கள் கார்சிகா தீவின் குடியானவப் பெண்கள். அத்தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர், 1834 ஆகஸ்ட் 13 அன்று பேராசிரியர் அலிபேரின் வகுப்பில் ஒரு நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டினார். ஊரில் பெண்கள் செய்வதைப் பார்த்துக் கற்ற வித்தை அது. லிவோர்னோவின் தாய்மார்கள் செய்ததும் இதுவே. பல்கலைக்கழகங்கள் வாதாடிக்கொண்டிருந்த ஒன்றரை நூற்றாண்டு முழுவதும் எழுத்தறியாத பெண்களின் கையில் விடை இருந்தது.

அதன்பின் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1844இல் எழுதிய ஆய்வு நீர்மக் கொள்கைக்கு முடிவு கட்டியது. அவர் பூச்சியைத் தம் தோலிலேயே விட்டுச் சோதித்தவர். நார்வேயில் டேனியல்சனும் பெக்கும் 1848இல் தொழுநோயாளிகளிடம் கண்ட கடும் பொருக்குச் சிரங்குக்கு 'நார்வேச் சிரங்கு' என்று பெயர் வைத்தவரும் அவரே. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு வரும் இவ்வகையில் ஒரே உடலில் ஆயிரக்கணக்கான, சில வேளை இலட்சக்கணக்கான பூச்சிகள் இருக்கும். ஆனால் அரிப்பு குறைவாக இருக்கலாம் என்பதால் நோயென்று தெரியாமலே பலருக்குப் பரவிவிடும்.

போர்க்காலத்தில் ஷெஃபீல்டு வீடு

காரணம் தெரிந்துவிட்டது, பரவும் விதம் சரியாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் படைவீரரிடமும் மக்களிடமும் சொறிசிரங்கு பெருகியது. படுக்கையும் கம்பளியுமே நோயைப் பரப்புகின்றன என்று நம்பி, இராணுவம் கம்பளிகளை வெப்பமூட்டித் தூய்மை செய்வதில் ஏராளமான பணமும் ஆளும் செலவிட்டது. அது உண்மையா என்று பார்க்க முற்பட்டவர் கென்னத் மெல்லன்பி. அவர் மருத்துவர் அல்லர், பூச்சியியலாளர்.

சோதனைக்கு ஆள் வேண்டுமே? கொலை செய்ய மாட்டோம் என்று மனச்சான்றின் பெயரால் போரில் சேர மறுத்த இளைஞர்கள் முன்வந்தனர். ஷெஃபீல்டு நகரில் ஒரு வீட்டில் அவர்கள் தங்கினர். சிரங்குள்ள வீரர்கள் உடுத்திக் கழற்றிய உள்ளாடைகளைத் துவைக்காமல் அப்படியே அணிந்தனர். அவர்கள் படுத்த கம்பளிகளுக்குள் வெற்றுடம்புடன் உறங்கினர். வாரங்கள் கடந்தும் ஏறக்குறைய யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் சிரங்குள்ளவரோடு ஒரே படுக்கையில் உடல் பட உறங்கியபோது தொற்றியது. நெருங்கிய, நீடித்த தோல் தொடுகையே முதன்மை வழி என்பது உறுதியாயிற்று. கம்பளிகளை வேகவைக்கும் செலவு பெரிதும் வீண் என்பதும் வெளிப்பட்டது.

அந்த இளைஞர்கள் மாதக்கணக்கில் மருந்தின்றி நோயைத் தாங்கினர். இரவில் உறக்கமில்லை. அந்தத் துன்பத்திலிருந்து கிடைத்த இரண்டு உண்மைகள் இன்றும் பயன்படுகின்றன. முதலாவது, முதன்முறை தொற்றினால் ஏறத்தாழ ஒரு மாதம் வரை அரிப்பே இராது. பூச்சியின் கழிவுக்கும் முட்டைக்கும் உடல் ஒவ்வாமை கொண்ட பிறகே அரிப்பு தொடங்குகிறது. எனவே, அரிப்பில்லாத வீட்டாரும் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். ஒருமுறை வந்து குணமானவருக்கு மீண்டும் தொற்றினாலோ ஓரிரு நாளிலேயே அரிக்கும். இரண்டாவது, மெல்லன்பி 886 நோயாளிகளிடம் எண்ணிப் பார்த்ததில் ஒருவர் உடலில் சராசரியாக 11 பெண் பூச்சிகளே இருந்தன. உடலெங்கும் தடிப்பு, பூச்சிகளோ பத்துப் பன்னிரண்டு! தடிப்புள்ள இடமெல்லாம் பூச்சி இல்லை. அது உடலின் ஒவ்வாமை. 'மனிதச் சோதனை எலிகள்' என்று பொருள்படும் தலைப்பில் மெல்லன்பி 1945இல் இவ்வரலாற்றை நூலாக எழுதினார்.

பூச்சியும் அடையாளமும்

பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆண் அதில் பாதி. பெண் தோலின் மேலடுக்கில் வளை தோண்டி நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக ஓரிரு மாதம் வரை இடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும்; இரண்டு வாரத்திற்குள் குஞ்சு வளர்ந்துவிடும். மனித உடலைவிட்டு விலகினால் இரண்டு மூன்று நாளுக்குமேல் பிழைப்பது அரிது.

பெரியவர்களிடம் விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், இடுப்பு, மார்புக்காம்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்களும் கீற்றுகளும் தோன்றும். முகமும் தலையும் பெரும்பாலும் தப்பிவிடும். இரவில் அரிப்பு மிகும். வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு அரிப்பிருந்தால் ஐயம் வலுப்பெறும். இடம் மாறி மாறி எழுந்து சில மணி நேரத்தில் மறையும் தடிப்பு என்றால் அது காணாக்கடி. வட்டமாக விளிம்பு தடித்துப் படர்வது படர்தாமரை. நகைக்கோ வாருக்கோ அடியில் மட்டும் வருவது ஒவ்வாமை. இந்த வேறுபாடு தெரியாமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவது இன்று பரவலான தவறு. அரிப்பு சில நாள் அடங்கும், பூச்சி அடங்காது. நோயின் அடையாளம் மாறிப்போய் மருத்துவரும் கண்டுபிடிக்கத் திணறுவார்.

அழுக்கானவருக்கே சிரங்கு வரும் என்ற எண்ணமும் சரியன்று. நாள்தோறும் குளிப்பவருக்கும் வரும். வளைக்குள் இருக்கும் பூச்சியைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. இடநெருக்கடியே உண்மையான காரணம். அதனால்தான் விடுதி, சிறை, அகதி முகாம், முதியோர் இல்லம் ஆகியவற்றில் இது மிகுதி. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நுழைந்தால் சிறுநீரக அழற்சிவரை கொண்டுபோய்விடலாம் என்பதால் இதை அற்ப நோயென்று ஒதுக்கவும் முடியாது.

மருந்துகள்

கந்தகக் களிம்பு இன்னும் வழக்கொழியவில்லை. நாற்றம் உண்டெனினும் கைக்குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. டென்மார்க் நாட்டு கிஸ்மேயர் 1937இல் பென்சைல் பென்சோயேட் பூச்சின் பலனை வெளியிட்டார். மெல்லன்பியின் காலத்தில் அதுவே முதன்மை மருந்து. போருக்குப் பின் வந்த லிண்டேன் மலிவாகவும் எளிதாகவும் இருந்தது. ஆனால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பு உண்டாக்கக்கூடியது என்று தெரிந்ததால் பல நாடுகள் கைவிட்டன. 1980களில் வந்த 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பே இன்று முதல் தேர்வு.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வீட்டு வழக்கம். 1992இல் வெளியான ஆய்வொன்றில் 814 பேருக்கு இவ்விழுதைப் பூசியதில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளுக்குள் குணமடைந்ததாகக் குறிக்கப்பட்டது. ஆனால் அது ஒரு முன்னோட்ட ஆய்வே. அதை மட்டும் கொண்டு பெர்மெத்ரினுக்கு நிகர் என்று சொல்லிவிட முடியாது.

உட்கொள்ளும் மருந்தாக வந்தது ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஒமுரா மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரிலிருந்து வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கிய இம்மருந்துக்காக இருவரும் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். முதலில் ஆற்றுக் குருடு நோய்க்கே அது வழங்கப்பட்டது. பிஜித் தீவுகளில் நோயுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் கொடுத்தபோது, 32 விழுக்காடாக இருந்த சொறிசிரங்கு ஓராண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் மட்டும் களிம்பு கொடுத்த ஊர்களில் அது பாதியளவே குறைந்தது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் சொறிசிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு வேளையிலும் உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

களிம்பு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தன்று, பூசும் முறையே. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் போதாது. இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள் உட்பட ஓரிடமும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும், அரிப்பிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. உடுத்திய துணியையும் விரிப்பையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தலாம். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் பூச்சி தானே மடியும். ஐவர்மெக்டினை மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது. கருவுற்றோருக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் அது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

பூச்சிகள் எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம்வரை அரிப்பு நீடிக்கும். தோலில் தங்கிய செத்த பூச்சியும் முட்டை ஓடும் உதிர்ந்து தீரும்வரை ஒவ்வாமை அடங்காது. இதை அறியாமல் மருந்து பலிக்கவில்லை என்று நாள்தோறும் களிம்பைப் பூசுவோர் பலர். அப்படிப் பூசுவதால் தோல் எரிந்து வறண்டு, புதிதாக ஒரு தடிப்பு வந்து சேரும். ஒரு மாதம் கடந்தும் புதிய கீற்றுகள் தோன்றினால் மட்டுமே மறுபடி தொற்றியதாகக் கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.